டிரம்மரின் வம்சம்

என் நாய் கோரி வேலிக்கம்பத்தில் போய் முட்டிக்கொண்டதை இஷ்பெல் பார்த்துவிட்டாள். பார்த்திருக்க மாட்டாள் என்று நான் கொஞ்ச நேரம் என்னையே ஏமாற்றிக்கொண்டிருந்தேன்.

நவம்பர் மாதம். சுடுவதற்காகப் பறவைகளைப் புதரிலிருந்து கிளப்பிவிடும் அன்றைய கடைசி விரட்டு முடிந்திருந்தது. மணி மூன்றேமுக்கால்தான் இருக்கும், ஆனால் ஸ்காட்லாந்தின் கிளென் ஆர்னட் பள்ளத்தாக்கில் அந்த மாதத்தில் அதுவே பொழுது சாயும் நேரம். சுட வந்த விருந்தாளிகள் வண்டியேறிப் போய்விட்டார்கள். விழுந்த ஃபெசன்ட் கோழிகளையும், இறக்கையில் அடிபட்டுப் புதருக்குள் ஓடி ஒளிந்தவற்றையும் நாய்களை விட்டுத் தேடி எடுப்பது எங்கள் இரண்டு பேருடைய வேலை. கோரி வாயில் ஒரு சேவலைக் கவ்விக்கொண்டு நேராக என்னைப் பார்த்து ஓடிவந்தான். நடுவில் கம்பம் இருந்தது. ஆள் உயரக் கம்பம். அதில் நெற்றி இடித்து, சேவலை விட்டுவிட்டு, எங்கே நிற்கிறோம் என்று தெரியாமல் நின்றான்.

"வழுக்கிட்டான். புல்லெல்லாம் ஒரே ஈரம்," என்றேன்.

"ம்," என்றாள் இஷ்பெல்.

இஷ்பெல்லின் கணவன் ஆர்ச்சி லீஸ், மேஜர் கின்லாக்கின் எஸ்டேட்டில் இரண்டாவது வேட்டைக்காவலர். அவளுக்கு அப்போது நாற்பத்தாறு வயது. நெட்டையாக, எலும்பும் தோலுமாக இருப்பாள். இரண்டு வருடத்துக்கு ஒரு முறைதான் தன் லாப்ரடார் பெட்டைகளில் ஒன்றை ஈனவிடுவாள். அந்தக் குட்டிகளுக்காக மூன்று மாவட்டத்து ஆட்கள் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருப்பார்கள். நான் நெட்டா கவ். மேஜர் கின்லாக்கின் வேட்டை மாளிகையில் சமையல்காரி. என் கணவர் எண்ணெய்க் கிணற்று வேலைக்குக் கடலுக்குப் போனவர் திரும்பி வரவில்லை. செத்துப்போகவில்லை, அபர்டீனில் வேறொருத்தியோடு சௌக்கியமாக இருக்கிறார். அவர் விட்டுப்போன அந்த வருடம் கிறிஸ்துமஸ் காலையில் மேஜர் சமையலறைக்கு வந்து, மஞ்சள் நிறக் குட்டி ஒன்றைத் தன் கோட்டுக்குள்ளிருந்து எடுத்து என் கையில் கொடுத்தார். "டிரம்மரோட மகன். வீடு வெறிச்சுன்னு இருக்க வேண்டாம், நெட்டா," என்றார். அதுதான் கோரி.

டிரம்மர் மேஜருடைய நாய். களப்போட்டிகளில் இரண்டு முறை சாம்பியன். கறுப்புப் பட்டு போன்ற உடம்பு. ஒரு விசிலுக்கு நின்று, கை அசைத்த பக்கம் திரும்பும். ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரை முழுக்க நல்ல பெட்டை வைத்திருந்தவர்கள் அவனிடம் கூட்டி வந்தார்கள். எங்கள் ஊரில் பாதி நாய்களுக்கு அவன் அப்பா, மீதியில் பாதிக்குத் தாத்தா.

மறுநாள் பகல் இஷ்பெல் கதவைத் தட்டாமல் உள்ளே வந்தாள்.

"திரைச்சீலையை இழு," என்றாள்.

"எதுக்கு?"

"இழுடி, சொல்றேன்."

இழுத்தேன். அவள் நாற்காலிகளையும் நிலக்கரி வாளியையும் முக்காலியையும் இடம் மாற்றிக் குறுக்கும் நெடுக்கும் போட்டாள். பிறகு என்னை அடுப்பு ஓரமாக நிறுத்தி, "கூப்பிடு," என்றாள்.

நான் ஏப்ரன் முடிச்சை அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தேன். அவளே கூப்பிட்டாள். கோரி வாலை ஆட்டிக்கொண்டு வந்தான். முதலில் வாளி. அடுத்து நாற்காலிக் கால். அதன் பிறகு ஒவ்வொரு அடியையும் தூக்கித் தூக்கி, குளத்தில் இறங்குவதுபோல் வைத்து வந்தான்.

"எப்போலேருந்து தெரியும் உனக்கு?" என்றாள் இஷ்பெல்.

"ஏப்ரல்லேருந்து."

"எட்டு மாசமா வாயை மூடிட்டு இருந்திருக்க."

"நான் யார் வீட்டுல சமைக்கிறேன்னு உனக்குத் தெரியாதா? அவர் கையால குடுத்த நாய் இது. இதைப் போய் அவர்கிட்ட என்னன்னு சொல்லச் சொல்ற?"

அவள் என்னைத் திட்டவில்லை. தரையில் உட்கார்ந்து கோரியின் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். அந்த வாரமே அவனை டண்டீயில் இருந்த கண் மருத்துவரிடம் கூட்டிப்போனோம். அவர் சொட்டு மருந்து விட்டு, விளக்கடித்து, வெகுநேரம் பார்த்தார். விழித்திரை மெல்ல மெல்லச் செத்துக்கொண்டிருக்கிறது என்றார். முதலில் மங்கல் வெளிச்சத்தில் தெரியாது, அப்புறம் பகலிலும் தெரியாது. மருந்து கிடையாது. நான்கு வயது நாய்.

"அடிபட்டதா டாக்டர்?" என்றேன், அப்படியாவது இருக்கட்டும் என்று.

"இல்ல. ரத்தத்துல வர்றது. அப்பா அம்மா ரெண்டு பேருமே குடுத்தாத்தான் குட்டிக்கு வரும். ஒருத்தர்கிட்டேருந்து மட்டும் வந்தா அது வெளியே காட்டாது. சாகுற வரைக்கும் நல்ல கண்ணோட இருக்கும். ஆனா குட்டிக்குக் கடத்தும்."

"அப்போ அப்பாவோட கண்ணைச் சோதிச்சா?" என்று கேட்டாள் இஷ்பெல்.

"சுத்தமா இருக்கும். ரத்தத்தைச் சோதிச்சுக் கண்டுபிடிக்கிற வழி இன்னிக்கு இல்ல. பெத்த குட்டிதான் சாட்சி."

திரும்பி வரும்போது வண்டியில், பிரீக்கின் ஊரைத் தாண்டிய பிறகு இஷ்பெல் சொன்னாள்: "என் ஃப்ளிட்டோட தாத்தா டிரம்மர்."

ஃப்ளிட் அவள் உயிர். மின்னல் மாதிரி ஓடும் கறுப்புப் பெட்டை. இஷ்பெல் வாழ்நாளில் வென்ற ஒரே கோப்பை அந்த நாயால் வந்தது. அது அவள் வீட்டு ஜன்னலில் இருக்கும், அதில் பென்சில் போட்டு வைத்திருப்பாள். இன்னொரு பெட்டையின் பெயர் ப்ரீன். எங்கள் பேச்சில் ப்ரீன் என்றால் குண்டூசி. மலைக்கு அந்தப் பக்கத்து மேய்ப்பர் ஒருவரிடம் வாங்கியது. உருவம் சின்னது, கோப்பை கிடையாது, யாரும் திரும்பிப் பார்க்காத நாய். ஆனால் அடிபட்டு ஓடும் கோழியை அரை மைல் மோப்பம் பிடித்துப் போய், ஒரு இறகு கலையாமல் உயிரோடு கொண்டுவந்து கையில் வைக்கும். அதன் வம்சத்தில் டிரம்மரின் ரத்தம் ஒரு சொட்டு இல்லை.

ஜனவரி இரண்டாம் வாரம் தலைமை வேட்டைக்காவலர் வாட்டி ராட்ரே இஷ்பெல் வீட்டுக்கு வந்தார். நான் அங்கே தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். இரண்டு பெட்டைகளும் ஒரே வாரத்தில் பருவத்துக்கு வந்திருந்தன. ஒரே கொட்டிலில் இருந்தால் பெரும்பாலும் அப்படித்தான்.

"வியாழக்கிழமை ஃப்ளிட்டைக் கூட்டிட்டு வந்துடு," என்றார் ராட்ரே, தொப்பியைக் கழற்றாமலே. "டிரம்மர் தயாரா இருக்கான். தாத்தாவும் பேத்தியும் சேர்ந்தா ரத்தம் கெட்டிப்படும்னு மேஜர் சொல்றார். குட்டிக்கெல்லாம் ஆள் பேசியாச்சு."

"யாரோட குட்டிக்கு யார் ஆள் பேசுறது?"

"இந்தா பாரு இஷ்பெல், காலங்காத்தால ஆரம்பிக்காத."

"ஃப்ளிட் வரமாட்டா, வாட்டி. இந்த வியாழனும் வரமாட்டா, எந்த வியாழனும் வரமாட்டா. டிரம்மர் குருட்டுக் குட்டி போடுறான்."

ராட்ரேயின் முகம் வெளுத்தது. கோபத்தில் என்றுதான் அன்று நினைத்தேன்.

"யார் சொன்னது?"

இஷ்பெல் என்னைப் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று தெரியாது. நான் என் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நான் சொல்றேன்," என்றாள்.

"வருஷா வருஷம் அவன் கண்ணுக்குச் சான்றிதழ் வாங்கி வெச்சிருக்கோம். ஸ்காட்லாந்துலயே பெரிய நாய் அது. உனக்கு என்ன, பொறாமையா?"

"சான்றிதழைக் கண்ணாடி போட்டு மாட்டி வைங்க. என் பெட்டை வராது."

"நீ உக்காந்திருக்கிற இந்த வீடு யாரோடதுன்னு ஞாபகம் இருக்கா?"

"வீடு எஸ்டேட்டோடது. நாய் என்னோடது."

ராட்ரே கதவை அறைந்துகொண்டு போனார். மதியம் அவர் ஆர்ச்சியைப் பிடித்து, பெண்டாட்டியை அடக்கி வைக்கச் சொன்னாராம். ஆர்ச்சி அதிகம் பேசாத மனுஷன். "நீங்களே வந்து அடக்குங்க, வாட்டி. நான் வேலிக்கு அந்தப் பக்கம் நின்னு வேடிக்கை பாக்குறேன்," என்று சொல்லிவிட்டுப் பொறி வைக்கப் போய்விட்டான்.

அன்று மாலை நான் அவளிடம் கேட்டேன். "டிரம்மர் வேண்டாம், சரி. ஃப்ளிட்டுக்கு வேற நல்ல நாயாப் பாத்துச் சேக்கலாமே? ஒரு பக்கம் சுத்தமா இருந்தா எந்தக் குட்டியும் குருடாகாதுன்னு டாக்டரே சொன்னாரே."

"குருடாகாது. ஆனா ஃப்ளிட்கிட்ட அது இருந்தா, பாதிக் குட்டிக்கு உள்ளே ஒளிஞ்சு போகும். அதுங்க போய் வேற யார் வீட்டுலயோ, வேற யார் நாயோடவோ சேரும். அப்புறம் அங்க ஒருத்தி நாற்காலியை நகத்தி வெச்சுப் பாத்து அழணும்."

"இருக்கான்னே தெரியாதே, இஷ்பெல். இல்லாமலும் இருக்கலாம்."

"இருக்கலாம்."

ஃப்ளிட் அவள் காலடியில் தூங்கிக்கொண்டிருந்தது. இஷ்பெல் அதைப் பார்க்காமல், ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அதுக்குக் கர்ப்பப்பையை எடுத்துடப் போறேன். பருவம் முடிஞ்சதும் தேதி வாங்கியாச்சு. ப்ரீன்தான் இந்தத் தடவை தாய்."

அவள் அழுது நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான். அதுவும் அடுப்பில் புகை வருகிறது என்று அடுப்பைத் திட்டிக்கொண்டே அழுதாள்.

தாய் முடிவாகிவிட்டது. தகப்பனைத் தேடுவதுதான் பெரும்பாடு. வம்சாவளித் தாள்களை மேஜையில் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். நல்ல நாய் என்று யார் பெயர் வந்தாலும் நான்கு தலைமுறைக்குள் எங்கேயாவது டிரம்மரோ, அவன் அப்பனோ நின்றார்கள். கடைசியில் ஆர்ச்சிதான், வாயில் ரொட்டியோடு, "மான்ட்ரோஸ் கழிமுகத்துல எப் மில்ன்னு ஒரு ஆள். வாத்து சுடுறவர். அவர்கிட்ட ஒரு நாய் இருக்கு. அதுக்குத் தாள் இருக்கு, ஆனா யாரும் படிச்சதில்ல," என்றான்.

போனோம். எப் மில்ன் சால்மன் வலைக்காரர். அறுபது வயது, உப்புக்காற்றில் வெந்த முகம். அவருடைய நாயைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மஞ்சளும் இல்லாத, சிவப்பும் இல்லாத ஒரு நிறம். தலை இருக்கிறதே, அப்படியே ஒரு டர்னிப் கிழங்கு. பெயரும் அதுதான்: நீப். டர்னிப்பை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்.

"வயசு?" என்றாள் இஷ்பெல்.

"ஒம்பது."

"கண்?"

மில்ன் ஒரு கல்லை எடுத்துச் சேற்றுக்கு அப்பால், கண் எட்டாத தூரத்தில் எறிந்தார். அது விழுந்த இடத்தையே நீப் பார்த்துக்கொண்டிருந்தது. "ராத்திரி முடிஞ்சும் முடியாத நேரத்துல, அலையில விழுற வாத்தைக் குறிச்சு வெச்சு எடுத்துட்டு வருவான். போதுமா? உள்ள வா, இவங்க அப்பனைக் காட்டுறேன்."

அடுப்படியில் பதின்மூன்று வயதுக் கிழநாய் ஒன்று படுத்திருந்தது. இஷ்பெல் திரைச்சீலையை இழுக்கலாமா என்று கேட்டாள். மில்ன் மறுபேச்சில்லாமல் இழுத்தார். முக்காலியையும் கூடையையும் நகர்த்திப் போட்டோம். கிழவன் எழுந்து, முனகிக்கொண்டே எல்லாவற்றையும் சுற்றி வளைத்து நடந்து வந்து அவள் கையை நக்கினான்.

"நீப்போட குட்டிங்க?"

"நாலு ஈத்து. எல்லாம் இந்தக் கரையிலதான் இருக்கு. வீடு வீடாப் போய்ப் பாரு, விலாசம் எழுதித் தர்றேன். ஒண்ணாவது எதுலயாவது போய் இடிச்சுக்கிட்டா என்னைக் கேளு." பிறகு கையைக் கட்டிக்கொண்டார். "கேட்டு முடிச்சியா? இப்போ என் முறை. கோப்பை வாங்குற ஊர்லேருந்து வந்திருக்க. உன் பொண்ணு குளிர்த் தண்ணியில இறங்குவாளா, இல்ல பாவாடை நனையும்னு கரையில நிப்பாளா?"

"இறக்கிப் பாருங்க."

"வேலை நேரத்துல முனகுமா?"

"மாட்டா."

"பறவையைக் கடிக்குமா?"

"உங்க வீட்டுல முட்டை இருக்கா? உடையாம கவ்விட்டு வருவா," என்றாள் இஷ்பெல்.

முட்டை வேண்டியிருக்கவில்லை. கால்வாய்க்கு அந்தப் பக்கம் சேற்றில் அவர் ஒரு செத்த வாத்தைப் போட்டுவிட்டு வந்தார். ஜனவரித் தண்ணீர், ஓரமெல்லாம் பனிக்கட்டி, அலை வேறு இறங்கிக்கொண்டிருந்தது. ப்ரீன் ஒரு கணம் இஷ்பெல்லைப் பார்த்தது. பேர் சொன்னதும் குதித்தது. நீரோட்டம் அதை ஐம்பது கஜம் கீழே தள்ளிக்கொண்டு போயிற்று. ப்ரீன் எதிர்த்து நீந்தவில்லை. தள்ளும் பக்கமே சாய்ந்து போய் அக்கரை ஏறி, சேற்றோரமாகத் திரும்பி ஓடி வாத்தை எடுத்தது. வரும்போது இன்னும் மேலே ஓடிப்போய்த் தண்ணீரில் இறங்கி, எங்கள் காலடியில் சரியாகக் கரையேறியது. யாரும் அதற்கு அதைச் சொல்லித்தரவில்லை.

மில்ன் வாத்தை வாங்கி இறக்கையைத் தூக்கி, பல் பட்டிருக்கிறதா என்று விலா எலும்பை விரலால் தடவிப் பார்த்தார். "நாளான்னிக்குக் கூட்டிட்டு வா," என்றார். "எனக்கு ஒரு பொட்டைக்குட்டி. நான் பொறுக்கி எடுக்க மாட்டேன், நீயே எடுத்துக் குடு."

அதற்குள் இஷ்பெல் நான்கு ஈற்றுக் குட்டிகளையும் விடவில்லை. இரண்டு நாள் அந்தக் கரையில் கதவு கதவாகத் தட்டி, பதினேழு நாய்களைப் பார்த்தாள். ஒன்றுக்கு இடுப்பு சரியில்லை, நடை பிசகியது. அதை எழுதிக்கொண்டாள். கண் எல்லாவற்றுக்கும் நன்றாக இருந்தது.

விஷயம் எஸ்டேட்டுக்குத் தெரிந்ததும் கேலிக்குக் கேட்கவா வேண்டும். சீசன் கடைசி நாள் விரட்டுக்காரர்களின் விருந்தில் ஒருவன் எழுந்து நின்று, "குண்டூசிக்கும் டர்னிப்புக்கும் கல்யாணமாமே! குட்டியை நாய்னு கூப்பிடுறதா, சூப்புல போடுறதா?" என்றான். மேஜை மேஜையாகச் சிரித்தார்கள். இஷ்பெல்லும் சிரித்தாள். "உனக்கு ஒண்ணு எடுத்து வைக்கட்டுமா, ராப்? உன் வீட்டுல ஒருத்தராவது சொன்னதைக் கேக்கட்டும்," என்றாள். அதற்கு இன்னும் அதிகமாகச் சிரித்தார்கள். சிரிக்காதவர் ராட்ரே மட்டும்தான். அடுத்த சீசனில் அவள் நாய்கள் எஸ்டேட் வேட்டைக்கு வரக் கூடாது என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனார்.

மார்ச் கடைசியில் ப்ரீன் ஆறு குட்டி போட்டது. நான்கு கறுப்பு, இரண்டு மஞ்சள். ஒன்றுக்கு அப்பன் தலை அப்படியே.

ஏப்ரலில் ரிட்ரீவர் வேட்டைநாய்ச் சங்கத்தின் வருடக்கூட்டம், சனிக்கிழமை மதியம், ஊர் மண்டபத்தில். ஸ்கோன் ரொட்டி சுட்டுக் கொண்டுபோனது நான். முப்பது பேருக்கு மேல் வந்திருந்தார்கள். மேஜர் கின்லாக் தலைவர் நாற்காலியில், போரில் அடிபட்ட காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வரும் கோடையில் டிரம்மரிடம் கொண்டுவரப்போகும் பெட்டைகளின் பட்டியலைச் செயலாளர் வாசித்தார். பதினொன்று.

இஷ்பெல் எழுந்தாள்.

"அந்தப் பட்டியலைக் கிழிச்சுப் போடணும்," என்றாள். "டிரம்மர் குருட்டு நோயைக் கடத்துறான். இது எனக்கு நிச்சயமாத் தெரியும்."

மண்டபம் இரைந்தது. யாரோ, "உக்காரும்மா," என்றார்கள். மேஜர் கையை உயர்த்தி அடக்கினார். அவர் கத்துகிற ஆள் இல்லை.

"மிஸஸ் லீஸ், இதோ இந்த வருஷத்துச் சான்றிதழ். எட்டு வயசுல அவன் கண்ணுல ஒரு குறையும் இல்ல. இது பொய்ங்கிறீங்களா?"

"பொய் இல்ல, சார். அது டிரம்மர் கண்ணைப் பத்திச் சொல்லுது. அவன் குடுக்கிறதைப் பத்திச் சொல்லல."

"அப்போ எந்தக் குட்டி? பேர் சொல்லுங்க. ஒரே ஒரு பேர்."

அவளுக்குப் பெயர் தெரியும். தன் கணவன் வேலையையும் வீட்டையும் இழக்க நேரலாம் என்று தெரிந்தும் அவள் சொல்லவில்லை. "பாத்தீங்களா," என்று பின்னால் ஒருவன் சிரித்தான். அவள் காது சிவந்தது. எனக்காக அவள் அத்தனை பேர் முன்னால் பொய்க்காரியாக நின்றுகொண்டிருந்தாள்.

நான் ஸ்கோன் தட்டைக் கீழே வைத்தேன். வெளியே போய் வண்டியிலிருந்து கோரியை இறக்கிக்கொண்டு வந்தேன். நடக்க நடக்க எனக்கு ஒரு வெறி வந்துவிட்டது. எட்டு மாதமும் அதற்கு மேலும் அடக்கி வைத்த வெறி.

"திரைச்சீலையை இழுங்க," என்றேன். யாரும் அசையவில்லை. "இழுங்கய்யா! ஸ்கோன் தின்னத் தெரியுதுல்ல, திரைச்சீலை இழுக்கத் தெரியாதா?"

யாரோ இழுத்தார்கள். நடுவில் இருந்த காலி நாற்காலிகளை நான் காலால் தள்ளித் தாறுமாறாகப் போட்டேன். கோரியை வாசலில் விட்டுவிட்டு மேஜரின் மேஜைப் பக்கம் போய் நின்றேன்.

"கோரி, வாடா."

வந்தான். முதல் நாற்காலியில் இடித்தான். இரண்டாவதில் இடித்தான். மூன்றாவது அவன் மேலேயே சரிந்து விழுந்தது. வாலை மட்டும் நிறுத்தவில்லை. என் குரல் வந்த பக்கமே தலையைச் சாய்த்துக்கொண்டு, மேஜைக் காலில் மூக்கை இடித்து, கடைசியில் என் பாவாடையைக் கண்டுபிடித்தான்.

"இவன் அப்பா டிரம்மர், சார். நீங்களே உங்க கையால குடுத்தீங்க. எனக்கு நன்றி இருக்கு. அதனாலதான் இத்தனை நாள் பேசாம இருந்தேன். அது தப்பு. இஷ்பெல் பொய்க்காரி இல்ல, நான்தான் கோழை."

ஃபார்ஃபரில் பேக்கரி வைத்திருப்பவர் எழுந்தார். "எங்க வீட்டு நாய் மாடிப்படி இறங்க மாட்டேங்குது," என்றார் மெதுவாக. "வயசாச்சுன்னு நெனச்சேன். அஞ்சு வயசுதான் ஆகுது." பின் வரிசையில் ஒரு பெண் கையைத் தூக்கினாள்.

மேஜர் திரும்பி ராட்ரேயைப் பார்த்தார். "வாட்டி, நம்ம கொட்டில்ல இப்படி ஒண்ணாவது உண்டா?"

ராட்ரே தொப்பியைக் கையில் வைத்துச் சுழற்றினார். "ரெண்டு, சார்."

"எங்கே?"

"புதைச்சுட்டேன்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்ல வந்தேன், சார். ரெண்டு தடவை. ரெண்டு தடவையும் நீங்க அடுத்த ஈத்தைப் பத்திப் பேச ஆரம்பிச்சுட்டீங்க."

மேஜர் சான்றிதழை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். கைத்தடியை ஊன்றி எழுந்து, கோரியின் பக்கத்தில் நின்று, அவன் தலையில் கை வைக்கப் போனவர் வைக்காமல் வெளியே போனார். மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. ஆனால் பதினொரு வீட்டுக்கும் கடிதம் போயிற்று. டிரம்மரிடம் அதற்குப் பிறகு எந்தப் பெட்டையும் வரவில்லை.

இதனால் எங்களுக்கு நல்ல காலம் பிறந்தது என்று சொல்ல வரவில்லை. மே இருபத்தெட்டு, எங்கள் பக்கத்தில் வேலையும் வீடும் கைமாறும் நாள், அன்று ஆர்ச்சி வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று தாள் வந்தது. ஆட்குறைப்பு என்று எழுதியிருந்தது. நான் தாளுக்குக் காத்திருக்கவில்லை. கூட்டம் நடந்ததற்கு மறுநாளே மாளிகைச் சமையலறைக்குப் போய், ஏப்ரனை மடித்து மேஜையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். பிரீக்கினில் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை கிடைத்தது. ஆர்ச்சி வனத்துறையில் மான் கணக்கெடுக்கும் வேலைக்குப் போனான். வீடு மாற்றிய அன்று இஷ்பெல் நாய்க் கொட்டிலைக் கழற்றி, பலகை பலகையாக வண்டியில் ஏற்றினாள். "ஆணி கூட விட மாட்டேன்," என்றாள். விடவும் இல்லை.

ப்ரீனின் குட்டிகள் ஆறும் அதிசயப் பிறவிகள் அல்ல. ஒன்றுக்குத் துப்பாக்கிச் சத்தம் ஆகாது. அது பாதிரியார் வீட்டுச் சோபாவில் வாழ்கிறது. இன்னொன்று சொன்னதைக் கேட்பதற்கு முன் ஒரு தடவை யோசிக்கும். மில்னுக்குப் போன பெட்டை தகப்பனையே மிஞ்சிவிட்டது என்று அவர் தபால் அட்டை எழுதினார். தான் ஒன்றை வைத்துக்கொண்டு, மற்ற ஐந்தையும் ஒவ்வொரு வருடமும் கண் மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்று இஷ்பெல் எழுதி வாங்கிக்கொண்டுதான் கொடுத்தாள். ஐந்து வருடம் ஆகிவிட்டது. ஆறும் பார்க்கின்றன. கோரிக்கு இப்போது முழு இருட்டு. கொன்றுவிடு என்று புத்தி சொன்னவர்களை நான் வாசலோடு அனுப்பிவிட்டேன். புதருக்குள் கிடக்கும் பறவையைத் தேடி எடுக்க அவனுக்குக் கண் எதற்கு, மூக்கு போதும்.

போன மாதம் இஷ்பெல் வந்தாள். தன்னிடம் வைத்துக்கொண்ட ப்ரீனின் மகளுக்குத் தகப்பன் பார்த்துவிட்டதாகச் சொன்னாள். முகமெல்லாம் பூரிப்பு.

"யாரு?"

"நீப்போட தம்பி மகன். அதே மூக்கு, அதே தண்ணி வெறி. ரத்தம் கெட்டியாகும்."

"வேண்டாம்," என்றேன்.

"என்ன வேண்டாம்?"

"ரொம்பக் கிட்டத்துச் சொந்தம். அந்த வம்சத்துல நடை பிசகின நாய் ஒண்ணு இருந்ததை நீதான் எழுதி வெச்ச. இப்போ அதே பக்கம் திரும்பி ஓடுற. உனக்கு நீப்பை ரொம்பப் பிடிச்சுப்போச்சு, அவ்வளவுதான். மேஜருக்கு டிரம்மரைப் பிடிச்ச மாதிரி."

அவள் கோப்பையை டக்கென்று வைத்தாள். "யாரைப் பாத்து யாரைச் சொல்ற?"

"உன்னைத்தான் சொல்றேன். ஒரு தடவை பேசாம இருந்து பட்டது போதும் எனக்கு."

கோட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நான்கு நாள் பேச்சில்லை. ஐந்தாம் நாள் தொலைபேசி அடித்தது.

"ஓபன் ஊர்ப் பக்கம் ஒரு நாய் இருக்காம்," என்றாள், வணக்கம்கூடச் சொல்லாமல். "கறுப்பு. அப்பா அம்மா ரெண்டும் உயிரோட இருக்கு. சனிக்கிழமை போறேன். நீயும் வா, குத்தம் கண்டுபிடிக்க ஆள் வேணும்."

"எத்தனை மணிக்கு?" என்றேன்.